முருகைக்கல்லை வெறும் படமாகக் கற்பிக்காதீர்கள்

கடந்த ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் எங்கள் ஊர் அஹதிய்யாப் பாடசாலையில் சிறிய பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் பாடம் எடுக்கும்படி என்னைக் கேட்டார்கள். நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பதால், ‘அல்லாஹ்வின் படைப்புகள்’ என்ற தலைப்பில் கடலைப் பற்றிச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். தரம் நான்கிலும் ஐந்திலும் படிக்கும் இருபத்திரண்டு பிள்ளைகள். செம்மஞ்சள் நிறக் கோமாளி மீனையும் கடற்சாமந்தியையும் பெரிய அட்டையில் ஒட்டிக்கொண்டு போனேன். “இவர்கள் இருவரும் நண்பர்கள். ஒருவருக்கொருவர் உதவி செய்து ஒற்றுமையாக வாழ்கிறார்கள். நாமும் அப்படி வாழ வேண்டும்” என்று சொல்லி முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள்: “ராத்தா, இந்த மீன் எங்கட கடல்ல இருக்கா?”

“ஓம், இருக்கு” என்றேன்.

“நீங்க கண்டிருக்கீங்களா?”

நான் கண்டதில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. நிலாவெளிக் கரையில் நின்றால் புறாமலை கண்ணுக்கு நேரே தெரியும். கரையிலிருந்து அது ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம்தான். உலகத்தின் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பதினாறு வருடங்களாக அந்தக் கடலின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த நான், ஒரு தடவையாவது தலையைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்ததில்லை. அது மட்டுமல்ல, வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது நான் சொன்ன பதிலே பிழை என்று தெரிந்தது. நான் ஒட்டிக்கொண்டு போன செம்மஞ்சள் மீன், நீமோ படத்தில் வருவது. அது எங்கள் கரையில் வாழ்வதில்லை. எங்கள் கடலிலும் கோமாளி மீன் இனங்கள் உண்டு. அவற்றில் ஒன்று மஞ்சளும் கறுப்பும் கலந்த உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்டது. எங்கள் வாசலில் இருப்பதை விட்டுவிட்டு, சினிமாவில் பார்த்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வெட்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. முருகைக்கற்பாறைகளில் வாழும் உயிர்களைப் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை பிழையானது என்பது என் கருத்து. பெயர்களைச் சொல்கிறோம், நிறங்களைக் காட்டுகிறோம், கடைசியில் ‘ஒற்றுமை’ என்று ஒரு நீதியை ஒட்டிவிடுகிறோம். அந்த உயிர்கள் உண்மையில் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன, அந்த வாழ்க்கை எதனால் முறிகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

முதலில் முருகைக்கல்லையே எடுத்துக்கொள்வோம். அதைக் கல் என்றுதான் நாம் நினைக்கிறோம். என் மூத்தாப்பாவின் பழைய வீட்டுச் சுவரில் பூசியிருந்த சுண்ணாம்பு, முருகைக்கல்லைச் சூளையில் சுட்டு எடுத்தது. அந்தக் காலத்தில் அது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. கல்லைத்தானே சுட்டார்கள்! ஆனால் அது விலங்கு. பொலிப்பு எனப்படும் மிகச் சிறிய விலங்குகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் குடியிருப்பு அது. பெரும்பாலான பொலிப்புகள் சில மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். மென்மையான உடல், நடுவில் ஒரு வாய், அதைச் சுற்றிச் சிறு பரிசக்கொம்புகள். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே கல்சியம் காபனேற்றினால் ஒரு கிண்ணத்தைக் கட்டிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக அப்படிக் கட்டியதுதான் நாம் காணும் பாறை. நகைகளில் பதிக்கும் சிவப்புப் பவளம் இதற்கு உறவானதுதான். ஆனாலும் அது பாறை கட்டும் இனமல்ல. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால் பிள்ளைகள் குழம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பொலிப்பின் உடலுக்குள் ஒருகல அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் ஒளித்தொகுப்புச் செய்து சீனியைத் தயாரிக்கின்றன. பொலிப்புக்குத் தேவையான சக்தியில் தொண்ணூறு சதவீதம் வரை அவற்றிடமிருந்தே கிடைக்கும். பதிலுக்குப் பொலிப்பு அவற்றுக்கு இருப்பிடமும் காபனீரொட்சைட்டும் தன் கழிவிலுள்ள போசணையும் கொடுக்கிறது. இதைச் சிறிய பிள்ளைக்குச் சொல்வது ஒன்றும் கடினமில்லை. வீட்டுக்காரர் பொலிப்பு, வாடகைக்கு இருப்பவர் அல்கா, வாடகைப் பணம் சீனி. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது உடனே விளங்குகிறது. ‘நண்பர்கள்’ என்று சொல்வதைவிட இது உண்மைக்கு எவ்வளவோ கிட்டியது.

உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் சலிப்படைவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்குக் கிடைத்த அனுபவம் வேறு. உண்மை கதையைவிட ருசியானது.

நீலக் கோடு போட்ட சிறிய மீன் ஒன்று இருக்கிறது. சுத்தம் செய்யும் மீன் என்று அதைச் சொல்வார்கள். பெரிய மீன்கள் அதனிடம் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அது உடலிலும் செவுள்களிலும் இருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். சலூன் கடையில் முறை பார்த்து நிற்பதுபோல மீன்கள் காத்து நிற்கும். இத்தோடு நிறுத்தினால் அது நீதிக்கதை. ஆனால் அந்தச் சின்ன மீனுக்கு ஒட்டுண்ணியைவிடப் பெரிய மீனின் தோலிலுள்ள வழுவழுப்புத்தான் அதிகம் பிடிக்கும். சமயம் பார்த்து அதையும் ஒரு கடி கடித்துவிடும். கடிபட்ட மீன் துடித்து விலகிப் போய்விடும், அல்லது துரத்தும். அதனால் மற்ற மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது கூடுதல் ஒழுங்காக வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இன்னொரு மீன் இதே நிறத்தில், இதே நடையில் வேடம் போட்டு வந்து, நம்பி நிற்கும் மீனின் துடுப்பைக் கடித்துக்கொண்டு ஓடும். இதைச் சொன்னபோது என் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, “எங்கட சந்தையிலயும் இப்படி ஆக்கள் இருக்காங்க!” என்றான்.

மணலில் வளை தோண்டும் சிறு இறால் ஒன்றுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. உளுவை இனத்துச் சிறு மீன் ஒன்று அந்த வளை வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போது தன் உணர்கொம்பை மீனின் உடலில் வைத்தபடியே வேலை செய்யும். ஆபத்து வந்தால் மீன் வாலை ஆட்டும், அடுத்த கணம் இரண்டும் உள்ளே. ஒன்று தோண்டுகிறது, மற்றது பார்க்கிறது. கிளை முருகைகளுக்குள் வாழும் சிறு நண்டுகள், முருகையைத் தின்ன வரும் முள்முடி நட்சத்திரமீனின் குழாய்க் கால்களைக் கிள்ளி விரட்டுகின்றன. நண்டு அதைச் செய்வது முருகையின் மேலுள்ள பாசத்தினால் அல்ல. அதன் வீடும் உணவும் அங்கேதான் இருக்கின்றன.

முருகைகளும் தங்களுக்குள் சமாதானமாக இருப்பதில்லை. பக்கத்தில் வேறு இனம் வளர்ந்து நெருங்கினால், சில முருகைகள் இரவில் நீண்ட பரிசக்கொம்புகளை நீட்டிக் குத்தும். சில, தங்கள் குடல் இழைகளையே வெளியே விட்டுப் பக்கத்திலிருப்பதைச் சமித்துவிடும். மேலே இருந்து பார்த்தால் அமைதியான பூந்தோட்டம். உள்ளே ஒவ்வொரு அங்குலத்துக்கும் வழக்கு நடக்கிறது.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? எங்கள் நாட்டில் ‘சேர்ந்து வாழ்தல்’ என்ற சொல்லை மேடைகளில் அதிகம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நான்கு விதமான உடை உடுத்த நான்கு பிள்ளைகள் கைகோர்த்து நிற்கும் சித்திரத்தை எத்தனை போட்டிகளுக்கு வரைந்திருப்போம்! ஒற்றுமை என்றால் எல்லோரும் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பது என்று அந்தச் சித்திரம் சொல்கிறது. அதை நம்பும் பிள்ளை, பக்கத்து வீட்டாரோடு முதல் சண்டை வந்ததும் ஒற்றுமை பொய் என்று முடிவு செய்துவிடும்.

எங்கள் ஊர் மீன்வாடியில் நான் காணும் சேர்ந்து வாழ்தல் வேறு மாதிரியானது. தோணி ஒருவருடையது, ஐஸ் இன்னொருவருடையது, லொறி மூன்றாமவருடையது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பேரும் மூன்று சமூகம். விலைக்காக ஒவ்வொரு நாளும் சத்தம் போடுகிறார்கள். அடுத்த நாள் விடிய மூன்று பேரும் அதே இடத்துக்கு வருகிறார்கள். ஒருவர் இல்லாவிட்டால் மற்ற இருவரின் மீனும் அழுகிவிடும் என்பது மூவருக்கும் தெரியும். முருகைக்கல் காட்டும் சேர்ந்து வாழ்தலும் இதுதான். நண்டு நண்டாகவே இருக்கிறது, மீன் மீனாகவே இருக்கிறது, ஒன்றின் வேலை மற்றதற்குத் தேவைப்படுகிறது.

இன்னொரு முக்கியமான பகுதியையும் நாம் பிள்ளைகளிடமிருந்து மறைக்கிறோம். இந்த உறவுகள் முறியவும் கூடும். கடல்நீர் வழமையான கோடைகால உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் அளவு கூடிச் சில வாரங்கள் அப்படியே இருந்தால் போதும். அல்காவின் ஒளித்தொகுப்புக் குழம்பி, பொலிப்புக்குத் தீங்கான பொருட்கள் உருவாகின்றன. பொலிப்பு தனக்குச் சோறு போட்ட அல்காவையே வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய் உள்ளிருக்கும் வெள்ளை எலும்பு தெரிகிறது. இதையே முருகை வெளிறுதல் என்கிறார்கள். அந்த நேரத்தில் முருகை இன்னும் சாகவில்லை. தண்ணீர் விரைவில் குளிர்ந்தால் அல்கா திரும்பிவரக்கூடும். நாள் நீண்டால் பட்டினியால் இறந்துவிடும். 1998ஆம் ஆண்டு இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும், ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைத் தொடரிலும் இப்படித்தான் பெரும் அழிவு நடந்தது. எங்கள் கிழக்குக் கரை அந்தத் தடவை பெரும்பாலும் தப்பியது. ஒவ்வொரு தடவையும் தப்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பொலிப்பும் அல்காவும் ஒருநாளில் பகைவர்களாகிவிடவில்லை. அவை வாழ்ந்த தண்ணீர்தான் சூடாகியது. 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த மாதங்களில் நான் பதினொரு வயதுப் பிள்ளை. பல வருடம் எங்கள் கடைக்கு வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அவர்கள் கெட்டவர்களா என்று வாப்பாவிடம் கேட்டேன். “இல்ல மகள், காலம் சூடாக் கிடக்கு” என்றார். மெல்ல மெல்ல அவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். வெளிறுதலைப் பற்றிப் படித்த அன்று வாப்பா சொன்ன அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. முருகைக்கல்லிலிருந்து பிள்ளைக்கு ஒரு நீதி சொல்லத்தான் வேண்டுமென்றால், ‘நண்பர்களாக இரு’ என்பதோடு ‘எல்லோரும் வாழும் தண்ணீரைச் சூடாக்காதே’ என்பதையும் சொல்லுங்கள்.

இதற்கு எதிராகப் பெற்றோர் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். “புலமைப்பரிசிலுக்கு இது வருமா?” என்பது முதலாவது. வரலாம், வராமலும் போகலாம். ஆனால் எங்கள் பிள்ளைகள் இந்தக் கரையில்தான் வாழப் போகிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் தென்மேற்குக் கரையை ஆராய்ந்தவர்கள், முருகைக்கல் பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் கடல் நிலத்துக்குள் சிறிது தூரமே வந்ததையும், முருகைக்கல் அகழப்பட்டிருந்த பக்கத்து ஊரான பெரலியவில் அது ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளே புகுந்ததையும் கண்டார்கள். புகையிரதத்தை அலை அடித்துச் சென்றது அந்தப் பெரலியவில்தான். புள்ளிக்காக அல்லாவிட்டாலும் உயிருக்காக இதைப் படிக்கலாம்தானே?

“இதெல்லாம் பெரிய வகுப்புப் பாடம்” என்பது இரண்டாவது. எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. ஓரா மீன் வாங்கி வந்தால், அது என்ன தின்று வளர்ந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஓரா பாசி மேயும் மீன். அதுவும் கிளிமீனும் மேயாவிட்டால் பாசி வளர்ந்து முருகையை மூடிவிடும். கிளிமீன் பாசியோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் கடித்து, தொண்டைப் பல்லால் அரைத்து, மணலாக வெளியே விடுகிறது. பெரிய கிளிமீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் மணலை இப்படி உண்டாக்கும். நாம் பெருநாளன்று போய் விளையாடும் வெள்ளை மணலில் ஒரு பங்கு மீன் அரைத்தது என்று சொன்னால் எந்தப் பிள்ளைதான் மறக்கும்?

இரண்டாம் வாரம் நான் அட்டையைக் கொண்டு போகவில்லை. நூல்கண்டு ஒன்றைக் கொண்டு போனேன். ஒருவன் அல்கா, ஒருத்தி பொலிப்பு, ஒருவன் நண்டு, ஒருத்தி ஓரா, ஒருவன் மீன்பிடிகாரர், ஒருத்தி மீன் வாங்கும் உம்மா. யாருக்கு யார் தேவையோ அவர்களுக்கிடையில் நூலைப் பிடிக்கச் செய்தேன். பிறகு அல்காவை மட்டும் நூலை விடாமல் கீழே உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு நூலாக இழுபட்டது. கடைசியில் நின்ற ‘உம்மா’ கேட்டாள்: “நான் சும்மாதானே நிண்டன், என்ட நூல் ஏன் இழுபட்டது?” அந்தக் கேள்விக்குப் பிறகு நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களே சொன்னார்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெண் பிள்ளைகள் எதற்குக் கடலுக்குள் போக வேண்டும் என்பதே அது. என் தம்பி ஏழு வயதிலேயே நானாமாரோடு போய் நீந்தப் பழகிவிட்டான். நான் கரையில் நின்று செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பிறகு வாப்பாவிடம் கேட்டேன். அவர் இரண்டு நாள் யோசித்தார். ஆட்கள் குறைந்த ஒரு வார நாள் காலையில் உம்மாவையும் என்னையும் தம்பியையும் படகில் கூட்டிக்கொண்டு புறாமலைக்குப் போனார். உம்மா தைத்துத் தந்த நீளச் சட்டை, காற்சட்டை, இறுக்கிக் கட்டிய ஸ்காஃப், அதற்கு மேல் உயிர்காப்பு அங்கி. எதையும் விட்டுக்கொடுக்காமல்தான் தண்ணீரில் இறங்கினேன்.

தலையை உள்ளே வைத்ததும் முதலில் ஒரு சத்தம்தான் கேட்டது. கறுக் கறுக் என்று யாரோ முறுக்குக் கடிப்பதுபோல. கிளிமீன்கள் பாறையைக் கடிக்கும் சத்தம். புத்தகத்தில் படித்ததைக் காதால் கேட்டபோது ‘சுப்ஹானல்லாஹ்’ என்று எனக்குள் வந்தது. சூரா அர்-ரஹ்மானில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘மர்ஜான்’ என்ற சொல்லைப் பவளம் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அன்று மஃரிபுக்குப் பின் ஓதியபோது அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

அன்றே வேறொன்றையும் கண்டேன். முகக் கண்ணாடியைச் சரிசெய்வதற்காக ஒருவர் கிளை முருகையின் மேலேறி நின்றார். கிளைகள் உடைந்தன. அவர் கெட்ட மனிதர் அல்லர். தான் நிற்பது கல்லின் மேல் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். திருகோணமலைக் கடலோரத்தில் ஏறக்குறைய 100 வகை முருகைகளும் 300 வகை முருகைக்கல் மீன்களும் பதிவாகியுள்ளன. புறாமலை 2003 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. சட்டமும் இருக்கிறது, அறிவித்தல் பலகையும் இருக்கிறது. ஆனால் காலுக்குக் கீழே இருப்பது உயிர் என்று சிறு வயதில் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

எனவே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. படத்தில் தொடங்காமல் வீட்டுக்கு வந்த மீனில் தொடங்குங்கள். அதன் பெயரோடு, அது யாரைத் தின்கிறது, யாருக்கு உதவுகிறது, யாரை ஏமாற்றுகிறது என்பதையும் பேசுங்கள். சண்டையையும் சாவையும் மறைக்காதீர்கள், பிள்ளைகள் தாங்குவார்கள். மீன்பிடிக்கும் வாப்பாமாரையும் மாமாமாரையும் வகுப்புக்கு அழையுங்கள். எந்தப் பாரில் எந்த மீன் எந்த மாதத்தில் கூடும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் புத்தகங்களுக்குத் தெரியாது. ஒரு தடவையாவது, கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில், நீந்தத் தெரிந்த பெரியவர்களோடு பிள்ளைகளை அந்தத் தண்ணீருக்குள் பார்க்க விடுங்கள். தொடக் கூடாது, மிதிக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று முதலில் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு வீட்டில் எந்த மீன் வாங்குவது, பிள்ளைக்கு என்ன கதை சொல்வது என்று முடிவு செய்யப் போவது அவர்கள்தான்.

நான் புறாமலைக்குப் போய் வந்ததைச் சொன்னதும் அந்தச் சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அடுத்த முறை என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா, ராத்தா?” என்று கேட்டாள். உம்மாவிடம் கேட்டுக்கொண்டு வா என்றேன். அடுத்த வாரம் வந்து, “வேணாமாம்” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அவளுடைய ராத்தா எங்கள் கல்லூரியில்தான் படிக்கிறாள், இந்தச் சஞ்சிகை அந்த வீட்டுக்கும் போகும். அந்த உம்மாவிடம் நான் மரியாதையோடு கேட்கிறேன்: நீங்களும் அவளோடு வாருங்கள். படகில் இடம் இருக்கிறது.